கதவு எண் தெரியாமல் ஸ்டாக்ஹோம் வராதீர்கள்

1

படூரில் என் அக்கா வசந்தா குடியிருக்கும் அடுக்ககத்துக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. தண்ணீர் லாரி வரவில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, சி பிளாக் நாய் பி பிளாக் வாசலில் அசிங்கம் செய்துவிட்டது என்று உலக விவகாரங்களை அலசும் குழு. போன வாரம் அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். கேட்டுச் சேர்க்கும் பழக்கம் நமக்கு ஏது? ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் வந்து என் வீட்டில் தங்கிவிட்டுப் போன அக்கா, லிஃப்டில் அகப்பட்டவர்களிடமெல்லாம் படம் காட்டியிருக்கிறாள். இப்போது மூன்று குடும்பங்கள் மூட்டை கட்டுகின்றன. "சார், ஊர் சுத்திப் பாக்க ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

சொல்கிறேன். ஆனால் எனக்கு இனிப்பாகச் சொல்ல வராது. நான் சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து, கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, கைக்குழந்தையோடு இங்கே வந்து சேர்ந்தவன். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது பத்தொன்பது வயது. இத்தனை காலத்தில் எனக்கு இந்த ஊரையும் பிடிக்கவில்லை, இங்கே சுற்றுலா வரும் நம்மவர்களையும் பிடிக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

2

முதல் குறிப்பு, பெட்டி கட்டுவது பற்றி. நெய், பால்கோவா, கோழி ஊறுகாய் எதுவும் வேண்டாம். பாலோ இறைச்சியோ கலந்த பண்டத்தை இவர்கள் உள்ளே விடமாட்டார்கள். மீனுக்கு மட்டும் ஓர் அளவுவரை அனுமதி உண்டு. இதை அக்காவிடம் போனில் சொன்ன என் வாயைத் தைக்க வேண்டும். "மீனுக்குத் தடையில்லதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். வந்து பெட்டியைத் திறந்தால் நெத்திலி, வாளை, சுறா என்று அத்தனையும் கருவாடு. பாலித்தீன் உறைக்குள் உறை, அதற்கு மேல் ஒரு பழைய போர்வை. சதுரங்கப்பட்டினம் கடற்கரையே எங்கள் வீட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது. என் மனைவி சுதா ஜூன் மாதக் குளிரில் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தாள்.

விமான நிலையத்தில் அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்பார். "டூரிசம்" என்று ஒரே வார்த்தையில் முடியுங்கள். ஊர்க்கதை பேசாதீர்கள். அக்கா சொன்னது: "பிரதர் டாட்டர் சீயிங்." எத்தனை நாள் என்றதற்கு, "அவ எத்தினி நாள் இருன்னு சொல்றாளோ அத்தினி நாள்" என்று தமிழிலேயே முனகினாளாம். அந்த ஆள் என்ன புரிந்துகொண்டாரோ, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கயல் எங்கடா?"

"அவளுக்கு கிளாஸ் இருக்குக்கா. சனிக்கிழமை பாக்கலாம்."

"இன்னாது, சனிக்கிழமையா? இன்னிக்கு இன்னா கிழமை?"

"திங்கள்."

அக்கா பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். ரயிலில் வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் குடும்பத்தில் அடுத்த தலைமுறை என்று சொல்லிக்கொள்ள இருப்பது என் மகள் கயல் ஒருத்திதான். அக்கா கணவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நடக்க முடியாத நேரத்தில், அவரை அவர் தங்கையிடம் விட்டுவிட்டு அக்கா தனியாக விமானம் ஏறியது யாருக்காக என்று எனக்குத் தெரியும். எனக்காக இல்லை.

இன்னொன்று. வந்திறங்கியதும் இந்த ஊர் சிம் ஒன்று வாங்கிவிடுங்கள். "வீட்ல வைஃபை இருக்கு, உனக்கெதுக்குக்கா தண்டமா" என்று அறிவாளித்தனமாக அக்காவைத் தடுத்தவன் நான். அதன் பலன் பின்னால் வருகிறது.

3

ரூபாயை யூரோவாக மாற்றிக்கொண்டு வரும் புத்திசாலிகளே, இங்கே யூரோ செல்லாது. சரி, இந்த ஊர்க் காசான குரோனராக மாற்றினால்? அதுவும் ஏறக்குறைய செல்லாது. பல கடைகளில் நோட்டை நீட்டினால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டியதுபோல் பின்வாங்குவார்கள். பேருந்து ஓட்டுநர் காசைக் கையால் தொடமாட்டார். வங்கி அட்டையைக் காட்டினால் பேருந்து, சுரங்க ரயில் எல்லாக் கதவும் திறக்கும். ஒரு தடவை தட்டினால் ஒரு மணி நேரத்துக்குமேல் எதில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்.

நகரும் படிக்கட்டில் வலது பக்கம் நில்லுங்கள். இடது பக்கம் அவசரக்காரர்களுக்கு. குடும்பமாகக் கைகோத்துக்கொண்டு, கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்க நிற்பதுபோல் மொத்தப் படியையும் அடைக்காதீர்கள். பின்னால் நிற்பவர் "நகருங்கள்" என்று சொல்லமாட்டார். பெருமூச்சு விடுவார். இந்த ஊரில் அதுதான் கெட்ட வார்த்தை.

ரயிலில் உங்கள் பக்கத்து இடம் காலியாக இருந்தும் ஒருவர் நின்றுகொண்டே வருவார். நம் நிறத்தைப் பார்த்துத்தான் என்று கலங்க வேண்டாம். அவர் தன் சொந்த அண்ணன் பக்கத்தில்கூட உட்காரமாட்டார்.

"இன்னாடா இது, எழவு வூட்டுக்குப் போற வேன் மாதிரி கீது" என்றாள் அக்கா, பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில். "எழவு வூட்ல கூட ரெண்டு பேரு பேசுவான்."

"மெதுவாக்கா."

"எதுக்கு மெதுவா? இவனுங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

தெரியாதுதான். ஆனாலும் நான் நெளிந்தேன். பெருமூச்சு விட்ட ஆட்கள் பக்கம் திரும்பி, நானும் அவர்களோடு சேர்ந்தவன்தான் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தேன்.

4

பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாம் இணையத்தில் எடுத்தது. நான் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு பழைய போர்க்கப்பல். ராஜா பார்த்துப் பார்த்துக் கட்டி, முதன்முதலாகக் கடலில் விட்ட அன்றைக்கே துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் கவிழ்ந்து மூழ்கிய கப்பல். முந்நூறு வருஷத்துக்கு மேல் தண்ணீருக்கடியில் கிடந்ததை எடுத்து நிறுத்தி, அதற்கென்று தனியாக ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். உலகமே வரிசையில் நிற்கிறது. நான் படம் காட்டி விளக்கியதும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கெளம்புன அன்னிக்கே முழுகுச்சா?"

"ஆமா."

"அதுக்கா மியூசியம்? முட்டுக்காட்டுல படகு வுடறவன் இப்டி முழுக வுட்டான்னா மறுநாள் வேலை காலி. இவனுங்க டிக்கெட் போட்டு காட்டிகினு கீறானுங்க."

இரண்டாவது, சுரங்க ரயில் நிலையங்கள். பாறையைக் குடைந்து, குடைந்த சொரசொரப்பை அப்படியே விட்டு, மேலே சிவப்பும் நீலமுமாகச் சாயம் பூசியிருக்கிறார்கள். இதைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். மாமல்லபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, உறவுக்காரர்கள் வந்தால் வெண்ணெய் உருண்டையின் அடியில் நின்று தாங்கிப் பிடிப்பதுபோல் போட்டோ எடுப்பதைத் தவிர அந்தக் குகைகள் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் நீங்கள். இங்கே வந்து பாறையைத் தடவிக்கொண்டு "வாவ்" என்கிறீர்கள். அக்கா மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க தேச்சு முடிச்சிருப்பாங்க, இவன் பாதியில வுட்டுட்டான்" என்றாள்.

ஜூனில் வருகிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொள்ளத் துணி கொண்டு வாருங்கள். இரவு பத்து மணிவரை வெளிச்சம் போகாது. இருட்டத் தொடங்கும்போது விளக்கேற்றுவது அக்காவின் வழக்கம். முதல் நாள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், அப்படியே நாற்காலியில் தூங்கிப்போனாள்.

5

யாராவது வீட்டில் தங்குவதாக இருந்தால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் கீழே ஒரு பெரிய கதவு. அதைத் திறக்க நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். போவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் தெரியாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். உள்ளே போகிறவர், வருகிறவர் யாரும் உங்களை என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். காவலாளி கிடையாது. "யாரு வேணும்?" என்று எட்டிப் பார்க்கும் மூன்றாவது மாடி மாமி கிடையாது.

துணி துவைக்கும் அறை பொதுவானது. அதற்கு நேரம் பதிந்துகொள்ள வேண்டும். உங்கள் நேரம் முடிந்து கொஞ்சம் தாமதமானாலும் கதவில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். "அன்புள்ள அண்டை வீட்டாரே" என்று தொடங்கி, முடிவதற்குள் உங்கள் வம்சத்தையே கழுவித் தொங்கவிடும். எழுதியவர் மறுநாள் படியில் எதிர்ப்பட்டாலும் நேரில் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

எதிர்ப்படவே மாட்டார் என்பதுதான் சரி. இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வித்தை உண்டு. வெளியே கிளம்பும் முன், கதவிலுள்ள ஓட்டை வழியாகப் பார்ப்பார்கள். தாழ்வாரத்தில் அண்டை வீட்டார் யாராவது இருந்தால், அவர்கள் போகும்வரை கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பேச வேண்டியிருக்குமே, அந்தப் பயம். வந்த புதிதில் இதைக் கேள்விப்பட்டு நானும் சுதாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அக்கா வந்த மூன்றாம் நாள், கடைக்குக் கிளம்பியவள் என் பின்னால் வந்து நின்றாள். "எதுக்குடா கதவாண்ட நின்னுகினு கீற?"

"இரு, எதிர் வீட்டுக்காரர் குப்பை கொட்டப் போறார்."

"போட்டும். அதுக்கு?"

அக்கா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, கதவைத் திறந்து, "ஹலோ, ஐ சிஸ்டர்" என்றாள். அந்தக் கிழவர் குப்பைப் பையோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

யார் வீட்டுக்கும் சொல்லாமல் போகாதீர்கள். அழைக்காமல் கதவைத் தட்டினால் இவர்களுக்கு இரண்டே அர்த்தம்தான்: போலீஸ், இல்லாவிட்டால் சாவுச் செய்தி. ஒரு காபி குடிப்பதற்குக்கூட இரண்டு வாரம் முன்பே தேதி குறிப்பார்கள். பெற்ற பிள்ளைகளும் அப்படித்தான்.

6

பிள்ளைகள் என்றதும் நீங்கள் கேட்பீர்கள், கேட்காமல் விடமாட்டீர்கள். ஆம், கயல் எங்களோடு இல்லை. பதினெட்டு முடிந்தால் தனியாகப் போவது இங்கே வழக்கம். போன இலையுதிர் காலத்தில் நகரத்தின் மறுகோடியில் ஒரு மாணவர் விடுதி அறைக்குப் போய்விட்டாள். நாங்கள் இருக்கும் கிஸ்டா, ஸ்டாக்ஹோமின் நாவலூர். எங்கு பார்த்தாலும் கணினி நிறுவனம், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட நம்மவர்கள். "இங்க மூச்சு முட்டுதுப்பா" என்றாள். சுவீடிஷில் சொன்னாள். எனக்கு நன்றாகவே புரிந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனுக்கு நாட்காட்டி அழைப்பு ஒன்று அனுப்புவாள். ஞாயிறு, இரண்டு முதல் மூன்றரை, இன்ன கடை. நான் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அங்கே போய் மூன்று பேரும் காபி குடித்து, பட்டை மணக்கும் பன் தின்று, படிப்பு எப்படி என்று கேட்டு, நன்றாகப் போகிறது என்ற பதிலைப் பெற்றுத் திரும்புவோம். மூன்று இருபத்தைந்துக்கு அவள் தன் பையைத் தேட ஆரம்பித்துவிடுவாள். அவள் அறையை நான் பார்த்ததில்லை. பார்க்கலாமா என்று கேட்டதுமில்லை. ஏதாவது அதிகமாகக் கேட்டு, கிடைக்கிற அந்த ஒன்றரை மணி நேரமும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஒளிக்க என்ன இருக்கிறது, பயம்தான்.

அக்காவுக்கும் அதேபோல் ஓர் அழைப்பு என் போனுக்கு வந்தது. சனிக்கிழமை, இரண்டு முதல் மூன்றரை. அக்கா திரையைப் படித்தாள்.

"இன்னாடா, பல் டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் மாதிரி போட்டுகீது?"

"இங்க அப்படித்தான்க்கா."

"முட்டுக்காட்டுல படகு ஏறி என் மடியில வாந்தி எடுத்தவடா இவ. அதுக்கு நேரம் குறிச்சா எடுத்தா?"

வெள்ளிக்கிழமை மாலை அந்த அழைப்பும் ரத்தானது. 'நேரமில்லை, மன்னிக்கவும், அடுத்த வாரம்' என்று ஒரு வரி. நான் வழக்கம்போல் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினேன். அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமில்லன்னா இன்னா அர்த்தம்?"

"நேரமில்லன்னுதான் அர்த்தம்."

"பத்தொம்போது வயசுப் பொண்ணு நேரமில்லன்றா, ஏன்னு கேக்க மாட்டியா நீ?"

"கேட்டா தலையிடறோம்னு நினைப்பாக்கா."

"தலையிடாம? அப்புறம் எதுக்குடா அப்பன்னு ஒருத்தன்?"

7

திங்கட்கிழமை காலை, கப்பலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பயண அட்டையைக் கொடுத்து, எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அலுவலகம் போனேன். சுதாவுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் பகல் வேலை. மாலை வீட்டுக்கு வந்தால் அக்கா இல்லை. அடுப்பில் ஒரு சட்டி, அடியில் கருவாட்டுக் குழம்பின் மிச்சம். ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கைக் காணோம்.

போன் செய்தால் கிடைக்கவில்லை, சிம் இல்லையே. எங்கே போயிருப்பாள் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கயல் பிறந்தநாளுக்கு அக்கா படூரிலிருந்து சுடிதார் கூரியர் அனுப்பியது அந்த விடுதி முகவரிக்குத்தான். அழைக்காமல், சொல்லாமல், ஒரு தூக்கு நிறையக் கருவாட்டோடு அங்கே போய் நிற்கிறாள். போச்சு, எல்லாம் போச்சு என்று தோன்றியது. இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறைகூட இருக்காது.

அந்த நிலையிலும் நான் என் மகளுக்கு நேரடியாகப் போன் செய்யவில்லை. 'உன்னைக் கூப்பிடலாமா?' என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். இதைவிட வெட்கங்கெட்ட ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் எழுதியதில்லை.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. 'அத்தை இங்கேதான். சாப்பிட்டுத் தூங்கிவிட்டோம். இப்போதுதான் எழுந்தோம்.'

அக்கா வீட்டுக்கு வந்தபோதும் வெளியே வெயில் இருந்தது. காலியான தூக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"வாசக்கதவு தொறக்கல. மழை வேற தூறிச்சு. எத்தினி பேரு போறான் வரான், ஒருத்தனாச்சும் இன்னாம்மான்னு கேக்கல. படியில குந்திகினு இருந்தேன். அப்புறம் ஒரு பொண்ணு கொழந்தைய வண்டியில வெச்சுத் தள்ளிகினு வந்தா. நான் கதவைப் புடிச்சிக்கறேன்னு புடிச்சேன். அவ உள்ள போனா, பின்னாலயே நானும் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அறைக்கு அறை பேரு எழுதிகீது, நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரி. ஒவ்வொண்ணா பாத்துகினே போனேன். அவ கதவைத் தட்டினா, போர்வையைப் போத்திகினு வந்து தொறக்கறா. தொட்டுப் பாத்தா நெருப்பு மாதிரி சுடுது. மூணு நாளா காய்ச்சலாம்டா."

சுதா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்களாண்ட சொன்னா ரெண்டு பேரும் பயந்துப்பீங்கன்னு சொல்லலயாம். என்னைப் பாத்ததும் கட்டிகினு அழுதா. அப்புறம் ரசம் வெச்சேன், குழைய சோறு வடிச்சேன். ரெண்டு வாய் குழம்பும் வேணும்னு கேட்டு சாப்ட்டா. மீதிய பொட்டியில போட்டு ஃப்ரீசர்ல வெச்சிட்டு வந்தேன்."

அந்தப் பொதுச் சமையலறையில் ஒவ்வொரு அலமாரிக்கும் பேர் ஒட்டியிருக்கும். அக்கா ரசம் வைத்தது யாரோ ஒரு பையனுடைய பாத்திரத்தில். இருவரும் தூங்கி எழுவதற்குள் கயல் கதவில் சீட்டு: 'அன்புள்ள அண்டை அறையாரே, பாத்திரங்கள் தனியார் உடைமை, வாசனையும் ஒரு பொதுப் பிரச்சினை.' டப்பாவில் அழுகிய மீனை அடைத்து விற்று, அதைத் திறந்து தின்பதையே ஒரு திருவிழாவாகக் கொண்டாடும் நாடு இது. இவர்கள் வாசனையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் காய்ச்சலில் கிடக்க, நேரமில்லை என்று ஒரு வரி அனுப்ப, ஏற்கிறேன் என்று பொத்தானை அழுத்தியவன் நான். இந்த ஊர்க்காரனைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சுதா அன்றே மாத்திரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அக்கா கயலுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். "இப்ப வேணாம்மா, நாளைக்கு வா" என்றாள் கயல். மறுநாள் சுதா போனபோது கயலே கீழே வந்து கதவைத் திறந்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு, வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டாள். எங்கள் உறவு அந்த வாசல்வரைதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

8

அதன் பிறகு அக்கா இருந்த நாட்களில் கயல் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தையைப் பார்க்கத்தான். சோபாவில் அக்காவின் மடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, பாதி தமிழும் பாதி கையுமாகப் பேசினாள். நான் சமையலறையில் தேவையில்லாமல் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குக் கிளம்பும் அன்று, விமான நிலையத்தில் சோதனைக்குப் போகும் இடத்தில் அக்கா நின்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் காதுக்கருகில் வந்து நான்கு எண்கள் சொன்னாள்.

"என்னக்கா இது?"

"கயல் வூட்டு வாசக்கதவு நம்பர். அடுத்த தபா நீ மழையில நிக்க வேணாம் அத்தைன்னு சொல்லிக் குடுத்தா. நான் அடுத்த தபா எப்போ வரேன்? நீ வெச்சிக்க."

சிரிக்கவா, அழவா என்று தெரியவில்லை. படூரில் குடியிருக்கும் ஒருத்திக்குக் கொடுத்த எண், இதே ஸ்டாக்ஹோமில் ரயில் தூரத்தில் இருக்கும் அப்பனுக்குக் கொடுக்கப்படவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

"அவ எனக்குத் தரலயேக்கா."

"நீ கேட்டியா?"

பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.

அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த மாதம் உங்களில் ஒரு குடும்பம் அந்த வாசலில் போய் நின்று, உள்ளே சார்ஜர் கிடைக்குமா என்று கேட்கும்.

9

போன புதன்கிழமை, அலுவலகம் முடிந்து வீட்டு ரயிலில் ஏறாமல் எதிர்ப்பக்க ரயிலில் ஏறினேன். நிலையத்தில் இறங்கியதும் பழக்கதோஷம், 'வரலாமா?' என்று தட்டச்சு செய்தேன். பிறகு அழித்தேன். கட்டடத்தின் முன் நின்று நான்கு எண்களையும் அழுத்தினேன். கதவு ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. வேறு யாரோ வீட்டில் திருடப் போகிறவனைப்போல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

பெயர் பார்த்துப் பார்த்துப் போய், மணியை அழுத்தினேன்.

கயல் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. "அப்பா! யாருக்கு என்ன ஆச்சு? அம்மாவுக்கா? அத்தைக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்புறம்?"

"சும்மா வந்தேன்."

நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று தேடினாள் என்று நினைக்கிறேன். பிறகு அவள் பார்வை என் கைகளுக்கு இறங்கியது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. பிள்ளையிருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்திருக்கிறேன். ஊரில் எதிரி வீட்டுக்குப் போனாலும் நாலு வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு போவோம். இத்தனை குறிப்புகள் எழுதும் எனக்கு அது தோன்றவில்லை.

"கையில இன்னா? ஒண்ணும் இல்லையா?" என்றாள் கயல். அந்த 'இன்னா' அக்கா விட்டுவிட்டுப் போனது.

"மறந்துட்டேன்மா."

"சரி, உள்ள வா. ஷூவை வாசல்லயே கழட்டிடு."

சின்ன அறை. கட்டிலுக்கு மேல் சுவரில், முட்டுக்காட்டுப் படகில் அக்காவின் மடியில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் கயலின் படம். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நான் எடுத்த படம்தான் அது. எங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து எப்போது கழற்றிக்கொண்டு வந்தாள் என்று தெரியவில்லை, கேட்கவுமில்லை.

"நான் இப்ப கிளம்பணும்ப்பா, குரூப் வேலை இருக்கு. நீ சாப்பிட்டியா?"

"வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக்கறேன். நீ கிளம்பு, நானும் வரேன்."

"அத்தை குழம்பு கொஞ்சம் இருக்கு. கடைசி பெட்டி." பொதுச் சமையலறைக்குப் போய், ஃப்ரீசரிலிருந்து எடுத்து, சூடு பண்ணி, சோற்றோடு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தாழ்வாரம் முழுக்க சதுரங்கப்பட்டினம். யாரோ எங்கோ ஒரு ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. கயல் பையை மாட்டிக்கொண்டாள்.

"மெதுவா சாப்பிடு. பாத்திரத்தைக் கழுவி என் அலமாரியில வை, மாத்தி வெச்சிடாதே. கதவைச் சாத்தினா தானா பூட்டிக்கும்."

போய்விட்டாள். என் மகளின் அறையில் நான் தனியாக உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்த எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, பெயரைப் பார்த்து அவள் அலமாரியில் வைத்தேன்.

வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது, எதிர் அறைக் கதவின் ஓட்டையில் வெளிச்சம் மறைந்தது. கதவுக்குப் பின்னால் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் போவதற்காகக் காத்து நிற்கிறான். எனக்கு அந்த நிலை நன்றாகத் தெரியும். தரையில் உட்கார்ந்து ஷூவை எடுத்து, லேஸை நிதானமாகக் கட்டினேன். பிறகு அவிழ்த்து இன்னொரு தடவை கட்டினேன்.